லெந்து நாளில் இரண்டாவது டீ

நான் ஒரு டம்ளர் டீயிடம் தோற்றுப்போன ஆள். சரியாகச் சொன்னால், இரண்டு டம்ளர்.

அந்த வருடம் லெந்து நோன்பு நாட்கள் தொடங்கியபோது, ஈஸ்டர் வரை டீயைத் தொடமாட்டேன் என்று சித்தூரில் எங்கள் சபையில் எழுந்து நின்று அறிவித்தேன். (யாரும் கேட்கவில்லை.) பாஸ்டர் மகிழ்ந்துபோய், பெரிய வெள்ளியன்று இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளில் ஐந்தாவதைப் பற்றிப் பேச என்னை நியமித்தார். தாகத்தைப் பற்றிய வார்த்தை. ஏழு வருடமாக நான் நச்சரித்த வாய்ப்பு.

"ஆனா டீ குடிக்கலன்னு தினமும் ஒருத்தருக்குக் கணக்கு சொல்லணும்" என்றார்.

மாங்கூழ் கம்பெனியில் என்னோடு வேலை செய்யும் மோசஸ் அண்ணனைப் பிடித்தேன். மாலை ஆறு மணிக்கு அவருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வாய்ஸ் மெசேஜ். அதுதான் ஏற்பாடு.

இருபத்திரண்டு நாள் தாங்கினேன். மறுநாள் கம்பெனி வேலையாகத் திருப்பதி. பஸ் ஸ்டாண்டு எதிரே இஞ்சி நசுக்கும் சத்தம். இங்கே என்னை யாருக்குத் தெரியும்? (கடவுளின் எல்லை சித்தூரோடு முடிகிறது என்று நினைத்தேன் போல.) முதல் டீ இறங்கியதே தெரியவில்லை. அதனால் இன்னொன்று சொன்னேன். மணி ஆறாகிவிட்டது. வெளியே போய்ப் பேசியிருக்கலாம். பெஞ்சில் இடம் போய்விடுமே!

குரலை உருக்கமாக்கிக்கொண்டு, "அண்ணா, இன்னைக்கும் கிருபையால ஒரு சொட்டு தொடலண்ணா" என்று அனுப்பினேன்.

உடனே போன் வந்தது.

"இன்னா தம்பி, பின்னால ஒருத்தன் 'சார், மீ ரெண்டோ டீ, சக்கர எக்குவ'ன்னு கூவினுகீறானே. ரெண்டாவது டீன்னா, மொத டீய யாரு குட்ச்சது?"

கையில் டம்ளர் சுட்டது.

"அண்ணா, பாஸ்டர்கிட்ட சொல்லிடாதீங்க. அஞ்சாவது வார்த்தை போயிடும்."

"நான் ஏன் சொல்றேன்? நீயே சொல்லு. உனக்குத் தொணையா நானும் டீய நிறுத்திகீறேன், தெரியுமா?"

தெரியாது. அதுதான் சுருக்கென்றது. அந்த இரண்டாவது டீயை அப்படியே வைத்துவிட்டு (பாதி குடித்திருந்தேன்) பஸ் ஏறினேன்.

மறுநாள் பாஸ்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, ஐந்தாம் வார்த்தையை மோசஸ் அண்ணனுக்குக் கொடுத்துவிட்டார். மைக்கைப் பிடித்தே பழகாதவர், பெரிய வெள்ளியன்று நாலே நிமிடம் பேசினார். சபையே அழுதது. நானும்தான்.

மீதி நாட்களை டீ இல்லாமலே கடந்தேன். ஆனால் வீட்டில் அதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. இன்றும் விடிந்தெழுந்து, பல் துலக்கி, அன்றைய முதல் டீயைக் கேட்டால், அடுப்பிலிருந்து திரும்பாமலே என் மனைவி சொல்வாள்:

"ரெண்டோ டீயா?"