எண்பதுக்குக் கீழே

தேவையில்லாமல் இனி ஒரு மீட்டரையும் சோதனைக்கு அனுப்புவதில்லை என்று முடிவு கட்டினேன். எங்கள் தொழிற்சாலையில் மின்சாரம் அளக்கும் மீட்டர்கள் நாற்பது. அவற்றை வருஷா வருஷம் அளவு சரிபார்க்க அனுப்புவது என் பொறுப்பு. எதை அனுப்பணும், எதை விடலாம் என்று எழுதித்தரச் சொல்லியிருந்தார் மேனேஜர். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேஜையில், எதிரே ஒரு துண்டு கேக்கை வைத்துக்கொண்டு, எழுத உட்கார்ந்தேன்.

கேக் சும்மா வந்ததல்ல. என் எடை எண்பது கிலோவுக்குக் கீழே இருந்தால் ஞாயிறுதோறும் கேக். தாண்டினால் தினமும் விடியற்காலையில் மச்சினனோடு நடை. இது மனைவி போட்ட சட்டம். மச்சினன் நடக்கும்போதும் வாயை மூட மாட்டான். அதனால் மூன்று மாதத்துக்கு முன் வீட்டு எலெக்ட்ரானிக் எடை மிஷினைக் கழற்றி, நூறுக்கு ஐந்து குறைத்துக் காட்டும்படி திருத்திவிட்டேன். தொழில் தெரிந்தவனுக்கு ஐந்து நிமிஷ வேலை. எண்பத்திநாலு கிலோ ஆசாமி அன்றே எண்பதுக்குக் கீழே இறங்கி, நிம்மதியாக வாழ்ந்துவந்தேன்.

"என்ன எழுதுறீங்க?" என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள் மனைவி.

"எந்த மீட்டருக்கு எத்தனை நாளைக்கு ஒரு தடவை சோதனைன்னு. அலமாரியில தூங்குறதுக்கு வேண்டாம். வருஷக்கணக்கா மாறாம காட்டுறதுக்கு ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை போதும்."

"எதுக்குத்தான் அடிக்கடி வேணும்?"

"எது காட்டுறத நம்பிப் பெரிய முடிவு எடுக்கிறோமோ, அதுக்கு."

"நடுவுல கெட்டுப்போனா எப்படித் தெரியும்?"

இவ்வளவு அக்கறையாகக் கேட்கிறாளே என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. "அளவு தெரிஞ்ச பொருள் ஒண்ண வச்சுப் பாக்கணும். பொருள் மாறாது. கணக்கு மாறுச்சுன்னா மீட்டர்லதான் கோளாறு."

"நானும் அப்படித்தான் பாத்தேன்" என்று எழுந்து போனாள்.

திரும்பியபோது ஒரு கையில் எடை மிஷின். மறு கையில், உடற்பயிற்சிக்கென்று போன வருஷம் நான் வாங்கிய பத்து கிலோ டம்பெல். மிஷினைத் தரையில் வைத்து டம்பெல்லை ஏற்றினாள். ஒன்பதரை காட்டியது.

"வாங்கினதிலேருந்து நீங்க தொடவே இல்ல. அதுவே அரை கிலோ இளைச்சிருக்கு பாருங்க."

"மிஷின் பழசாயிடுச்சு போல."

"மூணு மாசம் முன்னாடி வரைக்கும் பத்துதான் காட்டிச்சு. வாராவாரம் பாக்குறேனே."

"அப்ப ஏன் சொல்லல?"

"சந்தோஷமா இருந்தீங்க, இருக்கட்டும்னு விட்டேன். நேத்து உங்க பேன்ட் பட்டன் தெறிச்சு சாட்சி சொல்லிடுச்சு."

கேக் தட்டு மெல்ல அவள் பக்கம் நகர்ந்தது.

"சரி, திருத்திடறேன். இனி மாசாமாசம் மிஷினச் சோதிச்சுடலாம்" என்றேன்.

"மிஷினுக்கு வருஷம் ஒரு தடவை போதும்" என்றாள், கேக்கைக் கடித்தபடி. "உங்களுக்குத்தான் தினமும். காலையில அஞ்சு மணிக்குத் தம்பி வந்துடுவான்."