இலக்கம் பதினேழு எழும்பவும்

இந்தக் கதையில் ஒரு சிரிப்பு இருக்கிறது. ஆனால் உரிய குழு கூடி, உரிய தீர்மானம் நிறைவேறும்வரை சிரிப்பது விதிக்குப் புறம்பு. அதுவரை பல்லை மூடிக்கொண்டிருங்கள்.

கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரு கப்பல் முகவர் கந்தோர், அதாவது அலுவலகம். அதன் மனேஜர் சவுந்தரநாயகத்துக்குத் தலைமையகத்திலிருந்து கடிதம் வந்தது: பாகுபாடு, தொந்தரவு தடுப்புக் குழு ஒன்றை அமைக்கவும். அன்றே அமைத்தார். தலைவர், சவுந்தரநாயகம். செயலாளர், சவுந்தரநாயகம். பெண்கள் பிரதிநிதி, தற்காலிகமாக, சவுந்தரநாயகம்.

விதிகளையும் குழுவே எழுதியது. முறைப்பாட்டில் பெயர் வரக்கூடாது. வரவு பதியும் விரல் மெஷின் இலக்கம் மட்டும். கூடாத சொற்களை அப்படியே எழுதக்கூடாது. குழுவின் மனம் புண்படும். இலக்கம் எல்லோருக்கும் உண்டு. தன்னுடையது என்னவென்று மனேஜருக்கு மட்டும் தெரியாது. விரல் வைப்பதெல்லாம் சின்ன ஆட்களின் வேலை.

முறைப்பாட்டுப் பெட்டியைச் சுவரில் பூட்டிவிட்டு அவர் களைத்துப்போய் உட்கார்ந்தார். “தோட்டம், ஒரு பிளேன்டீ. தேயிலை உங்கட ரத்தத்திலயே ஓடுதல்லோ.”

அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்த மேனகா, கப்பல் பத்திரத்தைப் பாதியில் விட்டு எழுந்தாள். கந்தோர் வழமைபோலச் சிரித்தது. வேலையைப் பாதியில் விடுகிறாள் என்றுதான் அவளுடைய பதவியை நிரந்தரமாக்குவது இரண்டு தரம் பின்போடப்பட்டிருந்தது.

மறுநாள் பெட்டியில் ஒரு முறைப்பாடு. குழு வாசித்தது, குழுவுக்குக் கண் சிவந்தது. எல்லோரையும் கூப்பிட்டுக் கதிரையில் இருத்தி, மேனகா போட்ட தேத்தண்ணியும் கொடுத்து, சவுந்தரநாயகம் எழுந்து நின்றார்.

“இலக்கம் பதினேழு, ஒரு பிள்ளையைப் பிறந்த இடத்தைச் சொல்லிக் கூப்பிட்டு, வேலையை மறிச்சுத் தேத்தண்ணி போட வைக்கிறாராம். மனுசனே அவன்?”

“விசாரிக்க வேணாமுங்களா சார்?” என்றாள் மேனகா.

“என்ன விசாரணை? இப்பிடியானவனை முகத்திலயே தெரியும்.”

தீர்ப்பை வாசித்தார். முறைப்பாட்டாளரின் பதவி இன்றே நிரந்தரம். பதினேழு ஆறு மாதம் முழுக் கந்தோருக்கும் தேத்தண்ணி போட வேண்டும். பலத்த கைதட்டல். கூடச் சிரித்தவர்கள் கோப்பை கழுவ வேண்டும். கைதட்டல் பாதியில் நின்றது. பதினெட்டுப் பேர் தங்கள் தங்கள் கோப்பையைப் பார்த்தார்கள்.

கையொப்பமிட்டு முத்திரையும் குத்தினார். “பதினேழு ஆர்? எழும்பு.”

பத்தொன்பது பேரும் கதிரையில் இருந்தபடியே அவரைப் பார்த்தார்கள்.

“எழும்பச் சொன்னனான்.”

வரவேற்பு மேசை ஐறீன் கோப்பையைக் கீழே வைத்தாள். “சேர், நாங்கள் எல்லாரும் கதிரையில இருக்கிறம். ஏற்கெனவே நிக்கிறவர் எப்பிடி எழும்புறது?”

சவுந்தரநாயகம் கதிரைகளை எண்ணத் தொடங்கினார். பத்தொன்பதாவது கதிரையிலும் ஆள் இருந்தது. நின்றுகொண்டிருந்தது குழு மட்டும்தான்.