மந்தம் ஒழிந்த சனிக்கிழமை

காலராவை ஒழித்த ஊர்கள் உண்டு, கொசுவை ஒழித்த ஊர்களும் உண்டு. ஆனால் மந்தபுத்தியை ஒரே மாலைப்பொழுதில், மாலை மரியாதையோடும் கோப்பி பலகாரத்தோடும் ஒழித்துக் கட்டிய பெருமை சிங்கப்பூர்ச் சிராங்கூன் ரோடு ஒன்றுக்கே உரியது. அது நடந்தது 1962ஆம் ஆண்டு, ஒரு சனிக்கிழமை. நடத்தி வைத்தவர் கோவிந்தசாமி.

கோவிந்தசாமி துறைமுக அலுவலகத்தில் பெரிய கிராணியாக, அதாவது தலைமை எழுத்தராக, இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மனிதருக்குக் கோயில் கமிட்டி ஒரு வழி, சமூக சேவை மறு வழி. கோயில் கமிட்டியில் நாற்காலி காலி இல்லை. ஆகவே சமூகத்துக்கு விடிவு காலம் பிறந்தது. பல் டாக்டரின் கிளினிக்கில் காத்திருந்தபோது, சிறுவர்களின் மூளை வளர்ச்சி பற்றி ஆங்கிலப் பத்திரிகை ஒன்றில் வந்த கட்டுரையின் முதல் பாதியைப் படித்தார். மறுபாதிக்குள் உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். ஒரு சங்கம் தொடங்க முதல் பாதி தாராளமாகப் போதும். 'அகில சிங்கை மந்தமதி மேம்பாட்டுச் சங்கம்' அந்த வாரமே உதயமானது. செயலாளர் அவரே. 'அகில' என்பது டன்லப் ஸ்திரீட்டிலிருந்து பஃபலோ ரோடு வரை, நடந்தால் ஐந்து நிமிடம்.

ரப்பர் ஸ்டாம்ப் வந்துவிட்டது. மாடியில் ஓர் அறை பேசியாகிவிட்டது. துணைத்தலைவர்களுக்கும் பஞ்சமில்லை. மந்தமதியை மட்டும்தான் வெளியிலிருந்து வரவழைக்க வேண்டியிருந்தது.

அதற்கு அன்னம்மா டீச்சர் கிடைத்தார். தமிழ்ப்பள்ளி ஒன்றில் பாடம் நடத்துபவர். பள்ளிக்கூடங்கள் வேண்டாமென்று அனுப்பிவிட்ட பிள்ளைகளுக்கு ஒரு வகுப்பறை கிடைக்காதா என்று நெடுநாளாக அலைந்துகொண்டிருந்தார். மூன்று பிள்ளைகளைச் சங்கக் கமிட்டியின் முன் கொண்டுவந்து நிறுத்தினார்.

"இந்த ராஜு ஒரு இடத்துல உட்கார மாட்டான். ஆனா ஓடிக்கிட்டே கணக்குப் போடுவான். சரஸ்வதி வாய் ஓயாமப் பேசுவா, மூணும் நாலும் எத்தனைன்னு கேட்டா முழிப்பா. ஜரீனாவுக்குப் பேச்சு வரல, படம் காட்டினா உடனே புரிஞ்சுக்குவா. சத்தம்தான் ஆகாது, காதப் பொத்திக்குவா. மூணு பேருக்கும் மூணு விதமாச் சொல்லிக் குடுக்கணுங்க."

"டீச்சர், வாடகை ஒரு ரூமுக்குத்தான் பேசியிருக்கோம். மூணு விதத்துக்குப் பட்ஜெட்ல இடமில்ல" என்றார் கோவிந்தசாமி. "கேஸ் எல்லாம் ஒரே கேஸ்தான்."

'மந்தம் ஒன்றே, அதில் பலவகை பார்ப்பது ஒற்றுமைக்குக் கேடு' என்று தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. மருந்தும் ஒன்றே. காலையில் வல்லாரை லேகியம், பிறகு வாய்ப்பாடு. கை தட்டினார்கள். ராஜுவும் தட்டினான். அவனை மட்டும் அதட்டி நிறுத்தினார்கள்.

கதவோரம் நின்றிருந்த ஜரீனாவின் தாய் பதுருன்னிசா தட்டவில்லை. கணவனை இழந்தவள். விடிந்ததும் தேக்கா மார்க்கெட்டில் ஆப்பம் விற்றால்தான் வீட்டில் உலை கொதிக்கும். ஜரீனாவோ கதவு திறந்திருந்தால் ரோட்டுக்கு ஓடி, ஓடுகிற கார்ச் சக்கரத்தைத் தொடப் போவாள். வேறு வழியில்லாமல் மகளை அறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டுப் போவாள் தாய். உள்ளேயிருந்து அவள் கதவைத் தட்டுகிற சத்தம் ஆப்பச்சட்டிக்கு முன்னால் உட்கார்ந்த பிறகும் காதை விட்டுப் போகாது. பெற்ற வயிறு வேறு எப்படி இருக்கும்?

"கிராணி ஐயா, காலை நேரம் மட்டும் இவள இங்க வச்சுக்கிட்டாப் போதும். எனக்கு வேற ஒண்ணும் வேணாம்" என்றாள்.

"கவலையே படாதீங்கம்மா. உங்க கேஸ்தான் முதல் நம்பர்."

திறப்பு விழாவுக்குத் தலைமை தாங்கக் காத்தோங் வள்ளல் தங்கராஜு ஒப்புக்கொண்டார். டீச்சர் சம்பளமும் அறை வாடகையும் அவர் பொறுப்பு. மேடையில் அவர் அறிவித்தால் திங்கட்கிழமை வகுப்பு.

வெள்ளிக்கிழமை ஒத்திகை நடந்தது. ராஜு தவிலை உருட்டிக்கொண்டு போனான். சரஸ்வதி ஒரு துணைத்தலைவரிடம், "உங்க முடிக்கு மையா பூசியிருக்கீங்க?" என்று கேட்டாள். நாகசுரம் ஊதத் தொடங்கியதும் ஜரீனா மேசைக்கு அடியில் புகுந்துவிட்டாள். கமிட்டி கலங்கிப் போனது.

"இதுங்கள வச்சுக்கிட்டு எப்படி மந்தமதி வகுப்பத் திறக்கிறது? மானம் போயிடும் லா!" என்றார் மை பூசிய துணைத்தலைவர்.

இத்தகைய நெருக்கடியில்தான் பெரிய மனிதர்களின் மூளை வேலை செய்கிறது. கோவிந்தசாமி எழுந்தார்.

"தேர்தல் வருது. ஊர்ஜனம் மொத்தமும் போயா சட்டமன்றத்துல உட்காருது? நம்ம சார்பா ஒருத்தர் போறாரு. அதே முறைதான். நாளைக்கு மேடையில இந்தக் கேஸுங்க சார்பா நம்ம வீட்டுப் பிள்ளைங்க உட்காரட்டும்."

ஜரீனாவின் 'பிரதிநிதி'யாக அவர் தம் மகள் சந்திரமதியையே தியாகம் செய்தார். அவள் வகுப்பில் முதல் மாணவி.

"வள்ளல் யாருக்குக் குடுக்கிறோம்னு ஒரு தடவ பார்க்க வேணாமா?" என்றார் அன்னம்மா டீச்சர்.

"பார்த்தாக் குடுக்க மாட்டாரு டீச்சர். அனுபவத்துல சொல்றேன்."

"அப்ப என் மவ?" என்றாள் பதுருன்னிசா.

"திங்கக்கிழமை கூட்டிட்டு வாங்க. திறப்பு விழா வேற, வகுப்பு வேற. கல்யாணத்துக்கு வர்றவங்க எல்லாம் குடித்தனம் நடத்தவா வர்றாங்க?"

விழா அபாரம். மாலை வாங்காதவர் ஒருவர்கூட இல்லை. வாங்கியவர்கள் போட்டவர்களுக்குத் திருப்பிப் போட்டார்கள். 'மந்தமதி வகுப்பு மாணவர்கள்' என்று எழுதிய துணிக்குக் கீழே சந்திரமதி எழுந்து பதினாறாம் வாய்ப்பாட்டை நேராகவும் தலைகீழாகவும் ஒப்பித்தாள். ஆங்கிலத்தில் வரவேற்றாள். மலாயில் நன்றி சொன்னாள். வள்ளலின் கண் கலங்கிவிட்டது.

"இந்தப் பொண்ணா மந்தம்?"

"ஆமாங்க" என்ற கோவிந்தசாமிக்குச் சட்டென்று தகப்பன் பாசம் பொங்கியது. "அதாவது, முன்னாடி இருந்தா."

"என்னய்யா குடுத்தீங்க?"

"வல்லாரை லேகியங்க."

வள்ளல் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டார். "வெள்ளைக்கார டாக்டருக்கு முடியாதத நம்ம தமிழன் லேகியத்துல முடிச்சிட்டான்! நோய் தீர்ந்த பிறகு ஆஸ்பத்திரி எதுக்கு? இனிமே வகுப்பே வேணாம்! இந்தச் சாதனைக்கு என் செலவுல வாசல்ல ஒரு வெற்றி வளைவு!"

கரவொலி கூரையைத் தூக்கியது. அன்னம்மா டீச்சர் எழுந்து நின்றார். "ஐயா, இவங்க அந்தப் பிள்ளைங்களே இல்ல..."

தாலி கட்டும் நேரத்தில் யாராவது தும்மினாலோ அபசகுனமாக ஒரு சொல் சொன்னாலோ காதில் விழக்கூடாது என்பதற்காகக் கெட்டிமேளம் கொட்டுவது நம் வழக்கம். கோவிந்தசாமி எத்தனையோ கல்யாணங்களை முன்னின்று நடத்தியவர். விரலை உயர்த்தி ஆட்டினார். தவில் இடித்தது, நாகசுரம் அலறியது. டீச்சர் மறுபடி வாய் திறந்தார். மறுபடி விரல் ஆடியது. உண்மை என்கிற அபசகுனம் கடைசிவரை யார் காதிலும் விழவில்லை.

கடைசி வரிசையில் ஜரீனா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு தாயின் மடியில் முகம் புதைத்து நடுங்கிக்கொண்டிருந்தாள். அந்தச் சின்னக் கைகளுக்கு மேல் பதுருன்னிசா தன் கைகளையும் வைத்து அழுத்திக்கொண்டாள். விழாவின் மற்ற எல்லாவற்றையும் எவ்வளவு வேண்டுமானாலும் புகழலாம். இதை மட்டும் புகழ முடியாது.

திங்கட்கிழமை பதுருன்னிசா ஆப்பம் சுடப் போகவில்லை. மகளுக்கு எண்ணெய் வைத்துச் சீவி, துவைத்த கவுன் போட்டு, கையில் சிலேட்டோடு அழைத்து வந்தாள். வாசலில் வளைவுக்காகக் குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள். மாடி அறை பூட்டியிருந்தது. கோவிந்தசாமி குழிக்குப் பக்கத்தில் நின்று மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தார்.

"வகுப்பு முடிஞ்சிடுச்சும்மா. வெற்றிகரமா."

"இன்னும் தொடங்கவே இல்லீங்களே, ஐயா?"

"அதான் சாதனை!"

"அப்ப என் மவளுக்கு?"

"அவ சார்பாத்தான் எங்க சந்திரமதி குணமாயிட்டாளே! பேப்பர்லகூடப் போட்டிருக்கான் பாருங்க."

பதுருன்னிசா மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். அழவில்லை.

"நல்லதுங்க ஐயா. அப்ப நாளைக்கு விடியக்காலம் சந்திரமதிய எங்க வூட்டுக்கு அனுப்பி வைங்க."

"எதுக்கு?"

"நான் தேக்காவுக்குப் போயிட்டு வர்ற வரைக்கும் ரூம்புல வச்சுப் பூட்டத்தான். இவ சார்பாப் படிச்சுது, இவ சார்பாக் குணமாச்சு. இவ சார்பா அதுவும் இருந்துட்டுப் போகட்டும்."

கோவிந்தசாமியின் முகம் சிவந்தது. குரல் தெருமுனை வரை கேட்டது.

"என்னம்மா பேச்சு இது! நீங்க ஒரு தாய்தானா? அது குழந்தைம்மா! ஒரு குழந்தையப் போய் யாராவது பூட்டி வைப்பாங்களா?"

சங்கம் தொடங்கிய நாள் முதல் செயலாளர் வாயில் 'குழந்தை' என்ற சொல் வந்தது அன்றைக்குத்தான். அதைச் சொன்னபோது ஜரீனா அவருக்கு நேர் எதிரே, கையில் சிலேட்டோடு நின்றிருந்தாள்.