பூவரசோடு பேசும் அண்ணாச்சி

இயற்கையை நேசிப்பவர்களில் பல வகை உண்டு. மரம் நடுபவர்கள், நட்ட மரத்துக்குத் தண்ணீர் ஊற்றுபவர்கள், இந்த இரண்டு வேலையையும் மற்றவர்களிடம் விட்டுவிட்டு மரத்தோடு பேசுபவர்கள். நாம் பார்க்கப்போவது மூன்றாவது வகை. அடையாளம் காண்பது சுலபம். இவர்கள் பேச்சில் 'அதிர்வு' என்ற சொல் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வரும். செடியைக் கண்டால் கண் பாதி மூடும். வாளியைக் கண்டால் முழுதாக மூடிக்கொள்ளும்.

தூத்துக்குடியில் இந்த இனத்தில் ஆறுமுகநயினார் அண்ணாச்சியை மிஞ்ச ஆள் கிடையாது. பாளையங்கோட்டை சாலையில் டைல்ஸ் கடை வைத்திருக்கிறார். மூன்று வருடத்துக்கு முன்பு மூச்சுப் பயிற்சி வகுப்பு ஒன்றுக்குப் போய்வந்தவர், வீட்டு வாசலில் நிற்கும் பூவரசில் நெற்றியை வைத்துக் கண்ணை மூடினார். உள்ளே ஏதோ அசைந்ததாம். எறும்பாக இருக்கும் என்றாள் அவர் மனைவி சீனித்தாய். அண்ணாச்சி அவளை மன்னித்துவிட்டார்.

அன்றிலிருந்து விடிந்ததும் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, செருப்பைக் கழற்றிப் போட்டு, மரத்தைக் கட்டிப்பிடித்து, கடையில் நடந்த சச்சரவு தொடங்கித் துறைமுகத்தில் சரக்கு இறங்காமல் கிடப்பது வரை எல்லாவற்றையும் அதனிடம் ஒப்பித்து, அது சொன்ன பதிலை டீ குடிக்கும்போது தெருவுக்கே விளக்குவார். பெரும்பாலும் மரத்தின் கருத்தும் அண்ணாச்சியின் கருத்தும் ஒன்றாகவே இருந்தன. மரத்தின் சக்தி தடைபடுகிறதென்று சீனித்தாய் அதில் கட்டியிருந்த துணிக்கொடியை மட்டும் அவிழ்த்துவிட்டார்.

அந்த மரத்தை ஒரு கம்பாக ஊன்றியது அவள்தான். இருபது வருடம் ஆகிறது. குழாயில் வாரத்துக்கு ஒருமுறை தண்ணீர் வந்த கோடைகளில் அரிசி களைந்த தண்ணீரையும் மீன் அலசிய தண்ணீரையும் ஊற்றி அதைப் பிழைக்கவைத்தாள். அவளிடம் மரம் இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை.

அன்பு முற்றினால் மனிதன் தன்னிடம் இருப்பதைத்தானே கொடுப்பான்? அண்ணாச்சி டைல்ஸ் ஒட்டினார். மரத்தைச் சுற்றி முழங்கால் உயரத்துக்கு ஒரு மேடை. கொத்தனார் முப்பிடாதி தயங்கினார். மரத்து மூட்டில், அடியைச் சுற்றிலும் ஒரு முழம் மண் விடவேண்டும் என்றார். மண் விட்டால் உட்காருகிறவர்களின் வேட்டி என்னாவது? அடிமரத்தை ஒட்டிச் சிமென்ட் பூசி, பளபளவென்று இறக்குமதி டைல்ஸ் பதித்தார்கள். காக்கை எச்சத்தில் தியானம் கலையக்கூடாதென்று சனிக்கிழமைதோறும் ஆசிட் விட்டுக் கழுவினார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்துப் பன்னிரண்டு பேர் அதன்மேல் உட்கார்ந்து பூமித்தாயோடு ஒன்றாகிவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

பங்குனியில் இலை பழுத்தது. சரணாகதி என்றார் அண்ணாச்சி. சித்திரையில் கொத்துக்கொத்தாக உதிர்ந்தது. மரம் பற்றை விடுகிறது என்று ஒரு மணி நேரம் பேசினார். கேட்டவர்களில் இரண்டு பேர் அழுதார்கள். வைகாசியில் ஒரு கொப்பு முறிந்து விழுந்தது. உள்ளே பச்சையே இல்லை. சீனித்தாய் அதைத் தூக்கிக்கொண்டுபோய் அவர் முன்னால் போட்டாள்.

"மரம் காயுது. மேடைய ஒடைங்க."

"ஏளா, அது காயல. உள்ளுக்குள்ள போகுது. மௌனத்துல இருக்கு, தொந்தரவு பண்ணாத."

சீனித்தாய் கொப்பைத் திரும்பத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

அடுத்த வாரம் எட்டயபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் 'மரமும் மனமும்' என்று உரையாற்ற அண்ணாச்சி புறப்பட்டார். கார் தெருமுனை திரும்பியதும் சீனித்தாய் முப்பிடாதிக்குப் போன் போட்டாள். சம்மட்டியோடு வந்தவர், அண்ணாச்சிக்கு என்ன பதில் சொல்வது என்று கையைப் பிசைந்தார். அவளே சம்மட்டியை வாங்கி முதல் அடியைப் போட்டாள். மத்தியானத்துக்குள் மேடை பெயர்ந்தது. அடியில் மண் பொடியாக உலர்ந்து கிடந்தது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தொட்டித் தண்ணீர் முழுவதையும் மொண்டு ஊற்றினாள். ஊற்ற ஊற்ற மண் குடித்துக்கொண்டே இருந்தது. அதைப் பார்த்து அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

சாயங்காலம் பொன்னாடையோடு வந்து இறங்கிய அண்ணாச்சி, டைல்ஸ் குவியலைப் பார்த்து அப்படியே நின்றார். யாரைக் கேட்டு உடைத்தாய் என்று கேட்டார்.

"தண்ணி தவிச்சுக் கெடந்துச்சு," என்றாள் சீனித்தாய். "தெனமும் உங்ககிட்டதான பேசுது. சொல்லலையா?"

அண்ணாச்சி பொன்னாடையை மடித்து வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். அன்றைக்கு அவர் வாயிலிருந்து வந்த சொற்கள் சோறும் மோரும் மட்டுமே.

ஆடியில் அடிமரத்தில் விரல் நீளத்துக்கு ஒரு துளிர் வந்தது. தம் தவத்துக்கு மரம் அளித்த பதில் என்று அண்ணாச்சி இப்போது சொல்லி வருகிறார். சீனித்தாய் மறுப்பதில்லை. வாளியோடு நிற்பவளுக்கு வாதம் செய்ய ஏது நேரம்?

வாசகரே, அண்ணாச்சியை நினைத்துச் சிரித்தீர்களா? நல்லது. உங்கள் வாசலிலும் ஒரு வேம்போ புங்கையோ நிற்கும். அதன் நிழலில் உங்கள் வண்டி நிற்கும். நீங்கள் அதைக் கட்டிப்பிடித்ததில்லை, மேடை கட்டியதும் இல்லை. மழைக்குச் சேறாகிறதே என்று வாசலுக்குச் சிமென்ட் மட்டும் போட்டீர்கள். இதைப் படித்து முடித்ததும் ஒரு நடை போய்ப் பாருங்கள். அடிமரத்தைச் சுற்றி ஒரு வாளித் தண்ணீர் ஊற்ற இடம் இருக்கிறதா? ஊற்றச் சொல்லவில்லை. இடம் இருக்கிறதா என்றுதான் கேட்கிறேன்.