மஞ்சள் விளக்கும் வெங்காய மூட்டையும்

இந்த வருஷம் வெங்காயம் உரிக்கப் போவதில்லை என்று முடிவு செய்தேன். ஆண்பிள்ளை முடிவு. மனைவியிடம் மட்டும் சொல்லவில்லை.

என் மாமியார் ஊரான டர்லாக்கில் வருஷா வருஷம் திருவிழா. ஊருக்கே மாட்டிறைச்சி சூப். அதற்கு வெங்காயம் உரிப்பது எங்கள் வீட்டில் மருமகன் உரிமை. பத்தொன்பது வருஷமாக அந்த உரிமைக்கு யாரும் போட்டிக்கு வரவில்லை. அதே சனிக்கிழமைதான் இங்கே எங்கள் ஊர் துலாரி பக்கத்து ஏரியில் மீன்பிடிப் போட்டி. போன வருஷம் நான் மூட்டையோடு உட்கார்ந்திருந்தபோது, நண்பன் ஜில்பெர்ட்டோ கோப்பையைத் தூக்கிப் பிடித்துப் படம் அனுப்பினான். அப்போது வந்த கண்ணீர் வெங்காயத்தால் வந்ததல்ல.

எங்களிடம் இருப்பது ஒரே கார். பெட்ரோல் டேங்க் மூடியைத் தளர்த்தி விட்டால், சில நாளில் டாஷ்போர்டில் மஞ்சள் இஞ்சின் விளக்கு எரியும். விளக்கு எரிகிற வண்டியில் நூற்றிருபது மைல் போகலாமா? கூடவே கூடாது!

திருவிழாவுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, ஒரு திங்கட்கிழமை தளர்த்தினேன். புதன்வரை விளக்கு வரவில்லை. போய்ப் பார்த்தால் மூடி இறுக்கமாக இருந்தது. தப்பான பக்கம் திருகிவிட்டேனா? மறுபடி தளர்த்தினேன். மறுபடி இறுக்கம். எனக்குச் சோறு இறங்கவில்லை. டி.வி. பார்க்கும்போது எழுந்து போய்க் காரைப் பார்ப்பேன். பல் தேய்க்கும்போது போய்ப் பார்ப்பேன்.

"என்ன டெலியோ, வாயில நுரையோட தெருவுல நிக்கிறே?" என்றாள் என் மனைவி இடாலினா.

"காத்து வாங்கறேன்."

மூன்றாம் முறை தளர்த்தியதில் விளக்கு எரிந்தது. சந்தோஷத்தில் ஸ்டீயரிங்கை முத்தமிட்டேன். பிறகு முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உள்ளே போனேன்.

"இடாலினா, வண்டி போச்சு. டர்லாக் போக முடியாது போலிருக்கு. அத்தைகிட்ட எப்படிச் சொல்றதுன்னே தெரியல."

"பாவம், உனக்குத்தான் எவ்வளவு வருத்தம்!" என்றாள். சண்டையே போடவில்லை. எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

திருவிழாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது ஒரு கடிதத்தை நீட்டினாள். "வண்டிப் பதிவு புதுப்பிக்கணுமாம். ஞாயித்துக்கிழமை மத்தியானத்துக்குள்ள புகைச் சோதனை."

விளக்கு எரிந்தால் சோதனையில் தேறாது. ஓடிப்போய் மூடியை இறுக்கினேன். விளக்கு அணைய மறுத்தது. முன்சீட்டுக்கும் பெட்ரோல் மூடிக்கும் இருபது தடவை நடந்தேன்.

"எங்க கடையில ஒரு கருவி இருக்கு," என்றாள் இடாலினா. அவள் கார் உதிரிபாகக் கடையில் பில் போடுகிறவள். "வண்டியில சொருகி ஒரு பொத்தானை அமுக்கினா விளக்கு அணைஞ்சிடுமாம். எனக்கென்ன தெரியும்? ஆம்பளைங்க பேசிக்கிறாங்க."

மகராசி! வெள்ளிக்கிழமை மாலை விளக்கை அணைத்து, அவளையும் ஏற்றிக்கொண்டு சோதனை நிலையத்துக்குப் போனேன். அங்கே ஹெக்டர் என்ற மெக்கானிக் கம்ப்யூட்டரைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார்.

"விளக்கு எரியல சார். ஆனா வண்டிக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்லையே!"

"வண்டிக்கு எதுக்கு ஞாபகம்?"

"யாரோ எல்லாத்தையும் அழிச்சிருக்காங்க. வண்டி தன்னைத்தானே சோதிச்சு முடிக்கணும். அதுக்கப்புறம்தான் சான்றிதழ். நூறு மைலுக்கு மேல ஓட்டுங்க."

"இன்னிக்கு ராத்திரியே ஓட்டிடறேன்!"

"ராத்திரி முழுக்க நின்னு, ஆறின வண்டியைக் காலையில கிளப்பணும். நெடுஞ்சாலையில ஒரே வேகம்."

"நாளைக்கு ஏரிப்பக்கம் போகலாமா?" என் குரல் எனக்கே பரிதாபமாகக் கேட்டது.

"அது மலைப்பாதை சார். வளைஞ்சு வளைஞ்சு போகும்."

மூலையில் பத்திரிகை புரட்டிக்கொண்டிருந்த இடாலினா தலையைத் தூக்காமல் கேட்டாள். "டர்லாக்?"

"அருமை மேடம்! நேர் ரோடு. போயிட்டு வந்தா ஞாயித்துக்கிழமை காலையில தேறிடும்."

சனிக்கிழமை காலை. கிளம்பும் முன் இடாலினா இறங்கிப் போய்ப் பெட்ரோல் மூடியைத் திருகினாள். டிக், டிக், டிக் என்று சத்தம் கேட்டது. வந்து உட்கார்ந்து பெல்ட் போட்டுக்கொண்டாள்.

"மூடியைச் சரியா மூடாம, விளக்கு எரியுதுன்னு தினம் பத்துப் பேர் எங்க கடைக்கு வராங்க, டெலியோ. நீ தளர்த்தினதை ரெண்டு தடவை நான்தான் இறுக்கினேன்."

"அப்போ மூணாவது தடவை?"

"அன்னிக்குத்தான் அந்தக் கடிதம் வந்துச்சு. சரி, போகட்டும்னு விட்டுட்டேன். அந்தப் பொத்தானை அமுக்கினா வண்டியோட ஞாபகமும் அழிஞ்சிடும்னு எனக்குத் தெரியாதா?"

அறுபத்தைந்து மைல் வேகத்தில் வண்டி சீராக ஓடியது. ஜில்பெர்ட்டோ ஏரிக்கரையிலிருந்து படம் அனுப்பினான். இடாலினா அதைப் பார்த்துவிட்டு, அம்மாவுக்குப் போன் போட்டாள்.

"வந்துட்டிருக்கோம்மா. அந்த மூணாவது வெங்காய மூட்டையையும் பிரிக்காம வை. இவரு ஆசைப்படறாரு."