சைகோனில் பாடாத பாடகி

"அது நான் இல்லைன்னு எழுதிடுய்யா!" என்று கத்தினாள் மோங் ட்ராம்.

முகநூலில் யாரோ போட்டிருந்த படம். சைகோனில் ஒரு மதுக்கூட மேடை, பின்னால் சிவப்பில் மஞ்சள் நட்சத்திரம் போட்ட கம்யூனிஸ்ட் கொடி, முன்னால் மைக்கை விழுங்கிவிடுவதுபோல் சாட்சாத் மோங் ட்ராமேதான். கம்யூனிஸ்டுகளுக்குத் தப்பி கலிபோர்னியாவுக்கு அகதிகளாக வந்த வியட்நாமியர்கள் இதைப் பார்த்தால் ஒரு பாடகியின் கதை அத்தோடு முடிந்தது. "உயிரே போனாலும் அந்தக் கொடிக்குக் கீழே பாட மாட்டேன்" என்று மேடைக்கு மேடை கண்ணைக் கசக்கியே காலம் தள்ளியவள் அவள். குரல் எப்போதோ போயாயிற்று. மிச்சம் இந்தச் சபதம் ஒன்றுதான். சனிக்கிழமை, அந்த அகதிகளின் பேட்டையான லிட்டில் சைகோனில் கச்சேரி வேறு. அது கெட்டால், அப்புறம் கல்யாணத்துக்குக்கூடக் கூப்பிட ஆள் இருக்காது.

"போன வருஷம் மாத்தின மூக்கு அப்படியே தெரியுதே!" என்றான் ஹுவான். கணவன், மேனேஜர் இரண்டும் அவன்தான்.

"என்னை மாதிரி வேஷம் போட்ட போலின்னு எழுதுய்யா!"

எழுதினான். அதுவரை படத்தைப் பார்க்காதவர்களும் தேடிப்பிடித்துப் பார்த்தார்கள்.

"சரி, வீடியோவுல அழறேன். நம்பிடுவாங்க."

அழுதாள். பாட்டில் சேராத சுருதி அழுகையில் சேர்ந்தது. ஆனால் எடுப்பாக இருக்கட்டும் என்று சிவப்புப் பட்டு அங்கி உடுத்தி, நெஞ்சில் பெரிய தங்க நட்சத்திரம் ஒன்றைக் குத்தியிருந்தாள். எந்தக் கொடிக்குக் கீழே பாட மாட்டேன் என்றாளோ, அதையே உடுத்திக்கொண்டு வந்த மகராசி!

"நீயாவது பார்த்துச் சொல்லியிருக்கக் கூடாதா, பாவி மனுஷா?"

"நீ அழும்போது நான் என்னிக்குப் பார்த்திருக்கேன்?"

சனிக்கிழமை மண்டப வாசலை அடைத்துக்கொண்டு கூட்டம் நின்றது. கம்யூனிஸ்டுகளிடம் தோற்ற தென் வியட்நாமின் பழைய கொடி, மஞ்சளில் மூன்று சிவப்புக் கோடு போட்டது, எல்லார் கையிலும். "மோங் ட்ராம் ஒழிக!" ஒலிபெருக்கி பூங் அக்காவிடம் இருந்தது. ஊரில் எந்தப் போராட்டமானாலும் அந்த அம்மாள்தான் தலைவி.

"பின்கதவு வழியா போயிடலாம் வா" என்று ஹுவான் இழுத்தான்.

"போனா இனி எந்த மேடையும் கிடையாதுய்யா!" என்று கையை உதறிவிட்டு ஓடி, பூங் அக்காவின் முன்னால் மண்டியிட்டாள்.

"மன்னிச்சிடுங்க அக்கா! சைகோன்ல பாடினது நான்தான். போலியுமில்லை, ஒண்ணுமில்லை."

பூங் அக்கா பெருமூச்சு விட்டு ஒலிபெருக்கியை இறக்கினார்.

"அப்பாடா! இதை முதல்லயே சொல்லித் தொலைக்கக் கூடாதாடி? புத்தாண்டுக்கு சைகோனுக்குப் போயி, ஒரு போலிக்கா முன்வரிசையில உட்கார்ந்து கைதட்டிட்டு வந்தோம்னு நாங்க இத்தனை பேரும் மானம் போயி நிக்கிறோம்!"