ராக்கையா தாத்தாவின் தோள்பட்டைகள்

இனி ஒரு பழைய சாமான்கூட வாங்க மாட்டேன், மீறி வாங்கினால் மீசையை எடுத்துவிடுகிறேன் என்று என் மனைவி கிருபாவதியிடம் போன மாதம் சத்தியம் செய்திருந்தேன். மீசைதானே என்று நினைக்காதீர்கள். காமயகவுண்டன்பட்டியில் திராட்சைத் தோட்டம் வைத்திருப்பவனுக்குத் தோட்டத்தைவிட மீசை முக்கியம். தோட்டத்தை ஊரார் எப்போதாவதுதான் பார்ப்பார்கள்.

என்ன செய்வது? ஊட்டியில் ஒரு பழம்பொருள் கடைக்காரர் போட்டோ அனுப்பிவிட்டார். அந்தக் காலத்து ராணுவ அதிகாரி, விழாவுக்கு உடுத்தும் கோட்டில் இரண்டு தோளிலும் மாட்டிக்கொள்கிற பட்டை. தங்க ஜரிகை, ஓரமெல்லாம் குஞ்சம். என்னிடம் ஏற்கெனவே மூன்று இருக்கின்றன. மூன்றும் ஒற்றை, மூன்றும் வேறு வேறு ஆளுடையது. எங்கள் சேகரிப்பாளர் உலகத்தில் ஒற்றைப் பட்டைக்காரனுக்கு டீகூடத் தர மாட்டார்கள். இதுவோ ஜோடி. வாழ்க்கையில் முதல் ஜோடி. வாங்கிவிட்டேன்.

கூரியர் கவரைப் பிரித்து, பீரோவில் ஒளிக்கப் போகும்போது கிருபாவதி வந்து நின்றாள்.

"இது என்னங்க?"

"எங்க தாத்தா ராக்கையாவோடது. பட்டாளத்துல பெரிய ஆபீசரா இருந்தாகல்ல. பரண்ல கெடந்துச்சு."

தாத்தா எதிர்த்து நின்ற ஒரே படை, கடலைக் காட்டில் இறங்கிய பன்றிப் படைதான். ஆனால் கிருபாவதி நேரே அடுப்படிக்குப் போனாள். கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். இரண்டு பட்டையையும் சாமி படத்துக்குக் கீழே வைத்துச் சந்தனம் பூசினாள். நூறு வருஷத்து ஜரிகையில் சந்தனம்! கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

அடுத்து போனை எடுத்தாள்.

"பெரிய மாமாவா? தாத்தா பொருளு ஆம்புட்டிருக்கு. இங்கன வந்துட்டுப் போங்க."

பெரிய மாமா என்றால் என் அண்ணன் சங்கரலிங்கம். கம்பத்திலிருந்து அடுத்த டவுன் பஸ்ஸிலேயே வந்துவிட்டார். அவர் மகளுக்குப் பார்த்திருக்கும் மாப்பிள்ளை வீட்டில் ஒருவர் பட்டாளத்தில் சுபேதாராம். நம் பக்கம் சொல்லிக்கொள்ள ஆளில்லையே என்று அவருக்கு ஒரு குறை இருந்தது.

"ஏலே சுந்தரம், தாத்தா சல்யூட் அடிச்சது எனக்கு லேசா ஞாபகம் இருக்குலே" என்றார். ஒரு பட்டையை எடுத்துத் தன் தோளில் வைத்துப் பார்த்துக்கொண்டார். "பூர்வீகப் பொருளு. நாமளும் ரெண்டு பேரு, இதுவும் ரெண்டு. ஆளுக்கு ஒண்ணு."

"அண்ணே, இது ஜோடிண்ணே. பிரிச்சா மதிப்பே இல்ல."

"நெலத்தையே பிரிச்சுக்கிட்டோம், இது என்னலே?"

கிருபாவதி நடுவில் வந்தாள். அவள் கையில் அந்தக் கூரியர் கவர், நாலாக மடித்தபடி.

"ஏங்க, நீங்க காசு குடுத்து வாங்குனதுன்னா இப்பவே சொல்லிருங்க. வாங்குன பொருள்ல யாருக்கும் பங்கு கெடையாது. மாமா வெறுங்கையோட போயிருவாக."

மீசையைத் தடவிப் பார்த்தேன். இருந்தது.

"தாத்தாவோடதுதான்" என்றேன்.

அண்ணன் வலது தோளை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். இடது தோளை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். அழுகையாக வந்தது. ஒற்றையானாலும் இது ஒன்றாவது எனக்கு மிஞ்சியதே.

"அத ரொம்ப இறுக்கிப் பிடிக்காதீக" என்றாள் கிருபாவதி. "ஒங்க தங்கச்சி வேல்விழி வருசநாட்டுல பஸ் ஏறிட்டாகளாம். பொம்பளப் பிள்ளைக்கும் பூர்வீகத்துல பங்கு உண்டுல்ல?"